இரண்டு மஞ்சள், நடுவில் சிவப்பு

மூன்று வயர்களும் கறுப்பு. எஞ்சினிலிருந்து வருகிற இரண்டு, பேட்டரிக்குப் போகிற ஒன்று. நிறத்தை வைத்து எது எதுவென்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டின் நுனியில் மஞ்சள் நூலும் மற்றதன் நுனியில் சிவப்பு நூலும் நாலைந்து சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடப்பட்டிருந்தன. எண்ணெயும் தூசியும் ஏறி மஞ்சள் தவிட்டு நிறமாகிவிட்டது. சிவப்பு, வயரோடு வயராகக் கறுத்திருந்தது. போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்புத்தளைக்குக் கீழே என் மைத்துனரின் மரக்கறித் தோட்டத்தில், அவர் பழைய இரும்பாக வாங்கி வந்த குட்டி டிராக்டரின் மூடியைத் தூக்கியபோது முதலில் கண்ணில் பட்டவை இந்த முடிச்சுகள்தாம். யாரோ வெளியே நீலப் பெயின்ட் அடித்திருந்ததால் அதுவரை எனக்கு வண்டியை அடையாளம் தெரியவில்லை. நூலைக் கண்டதும் தெரிந்துவிட்டது. அதைக் கட்டியவள் இறந்து இருபத்திரண்டு வருடம். கட்டச் சொன்னவர் இறந்து அப்போது எட்டு மாதம்.

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்தேன். இருபத்தாறாவது வயதிலிருந்து ஒருநாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை எந்த நேரத்தில் தொடங்கியது, எந்த மலையில் கொழுந்து பறித்தார்கள், எந்தப் புத்தகத்தைப் படித்து முடித்தேன், யார் வீட்டில் சாவு என்று எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கொப்பிகள் என்னை ஒருநாள் குற்றவாளியாக நிறுத்தும் என்று நினைத்ததில்லை. என்னைப் போல எழுதி வைக்கிறவன் தான் சாட்சி என்றே எப்போதும் எண்ணிக்கொள்கிறான்.

நூல் கட்டச் சொன்ன டிரைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் லொறி ஓட்டியவர் வேறு; இவர் குட்டி டிராக்டரின் டிரைவர். தோட்டத்தை நடத்திய பழைய துரை ஒருவர் பங்களாப் புல்தரையை வெட்டுவதற்கென்று கொண்டுவந்த வண்டி அது. அவர் போன பிறகு புல் வெட்டும் தகடுகளைக் கழற்றிவிட்டுப் பின்னால் ஒரு சின்னப் பெட்டியைப் பூட்டினார்கள். தோட்டத்தின் மேல்பிரிவுக்குப் போகிற பாதை ஒரு மழையில் பாதியாக உடைந்து, லொறி போக முடியாமல் ஆனபோது இந்த வண்டி மட்டும்தான் அதில் ஏறி இறங்கியது. உரமூட்டை, அரிசி, தகரம், நோயாளி எல்லாம் அதில்தான். மேல்பிரிவின் நாற்பது குடும்பங்களுக்கும் மெயின் ரோட்டுக்கும் இடையில் இருந்தது அந்த ஒரு வண்டி. டிரைவர் அதை "தொரை வளத்த பிள்ள" என்பார். "பங்களாவுல பொறந்து லயத்துக்கு வாக்கப்பட்டு வந்துருக்கு, கொஞ்சம் பாத்துத்தான் ஓட்டணும்" என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொரு மேட்டிலும் அதன் முதுகில் தட்டிக் கொடுப்பார். ஒல்லியான மனிதர். பேச்சு நிறைய. கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனா முனையை ஒருமுறை உற்றுப் பார்ப்பார்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், ஆனியில் வண்டி பேட்டரியைக் குடிக்கத் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் ஆகும், மதியம் நிற்கும். டிரைவர் தானே கண்டுபிடித்தார்: எஞ்சினில் பிறக்கிற கரண்டை அளவுபடுத்திப் பேட்டரிக்கு அனுப்புகிற ரெகுலேட்டர் பழுது. கராஜ்காரர்கள் 'கட்டவுட்' என்று சொல்கிற அந்தப் பெட்டி உள்ளங்கை அகலம்தான். முதுகில் அலுமினிய வரிகளும் அடியில் மூன்று முனைகளும் இருக்கும். புதியது கொழும்பிலிருந்து வந்தது. உள்ளே இருந்த தாளில் எங்கள் யாருக்கும் தெரியாத ஏதோ மொழி. தோட்ட ஸ்டோரில் கறுப்பு வயர் மட்டும்தான் இருந்தது, அதனால் வண்டி முழுக்கக் கறுப்பு வயர். பழையதைக் கழற்றுமுன் எது எங்கே இருந்தது என்று குறித்து வைக்காவிட்டால் பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு பூட்டுவது போலத்தான்.

அப்போது டிரைவரின் கொழுந்தியாள் அங்கே இருந்தாள். மனைவியின் தங்கை. பகலில் கொழுந்து பறிப்பாள், மாலையில் கை மெஷினில் சட்டை தைப்பாள். அவர்கள் வீட்டிலேயே வளர்ந்தவள், இருபது வயதுக்குள் இருக்கும். அன்று புதன்கிழமை, பின்னேரம் நாலரை. அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி மூடியைத் திறந்துவைத்திருந்தார். ஸ்டோர் கணக்குக்குப் பழைய பெட்டியை வாங்கிப்போக நான் போயிருந்தேன். டிரைவர் அவளிடம் இரண்டு நிறத்தில் நூல் கேட்டார். அவள் தையல் டப்பாவோடு வந்து, அவர் பிடித்துக்கொடுத்த ஒவ்வொரு வயரிலும் தானே சுற்றிக் கட்டினாள். ஓரத்து இரண்டுக்கும் மஞ்சள், நடுவே சிவப்பு. வண்டிப் பக்கத்து வயர்களில் கட்டியதும், புதிய ரெகுலேட்டரின் முனைகளுக்கு மேலேயும் அதே நிறத்தில் கட்டிவிட்டாள்.

"மச்சான், மஞ்சக் கயிறு கட்டியாச்சி. இனி அக்காவ விட்டுட்டு இதோடயே குடும்பம் நடத்துங்க" என்றாள்.

"ஒங்கக்காவவிட இது கொஞ்சமாத்தான் சத்தம் போடுது" என்றார் அவர். உள்ளேயிருந்து மனைவி ஏதோ சொன்னது கேட்டது. மூவரும் சிரித்தார்கள்.

ரெகுலேட்டர் உட்காருகிற தகட்டை டிரைவர் அரத்தால் தேய்த்தார். ஏன் என்று கேட்டேன். பழையதுக்கு அடியில் இரும்பு வெள்ளையாக இருந்தது, அதே மாதிரி இருக்கட்டும் என்று செய்கிறேன் என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எஞ்சினை ஓடவிட்டு மீட்டரைப் பேட்டரியில் வைத்தபோது பதினாலு வோல்ட்டுக்கு மேல் காட்டியது; பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். என் நாட்குறிப்பில் அன்றைய கடைசி வரி: 'குட்டி டிராக்டர் சரி. சார்ஜ் 14.2.'

வியாழக்கிழமை பெயின்ட் அடிக்கும் நாள். சனிக்கிழமை கொழும்பிலிருந்து கம்பெனிப் பெரியவர்கள் 'விசிட்' வருவதாக இருந்தது. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. விசிட் என்றால் பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு, மரத்துக்கு இடுப்பளவு சுண்ணாம்பு. நெருப்பு வாளி, தண்ணீர்க் குழாய், தராசு, வண்டி என்று கண்ணில் படுவதற்கெல்லாம் பெயின்ட். லயத்துக் கூரை ஒழுகலாம், ஆனால் வாசல் கல் வெள்ளையாக இருக்க வேண்டும். அந்த வேலைகளின் பட்டியலை எழுதுவதும், முடிந்ததைச் சரிபார்த்துக் கோடு போடுவதும் என் பொறுப்பு. அதில் எனக்கு ஒரு பெருமையே இருந்தது. மற்றத் தோட்டங்களில் மேலோட்டமாக அடிப்பார்கள், எங்கள் தோட்டத்தில் அப்படியில்லை.

டிரைவர் காலையிலேயே அலுவலக வாசலில் வந்து நின்றார். "ஐயா, வண்டிக்கு அடிங்க, வேணாங்கல. அந்தப் பெட்டிய மட்டும் விட்டுருவோங்க. நேத்துத்தானே பூட்டுனேன்."

"சுத்தி அடிச்சா அடியில துரு புடிக்கும்" என்றேன். "எல்லாத்தையும் கழட்டிட்டு அடியிலயும் அடிக்கணும். செய்யிறத ஒழுங்காச் செய்வோம்."

தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார். மறுத்துப் பேசக்கூடிய உறவில்லை எங்களுடையது. போதாததற்கு, அன்று மேசைத்துணியும் பூமாலையும் வாங்கிவர அவரை லொறியோடு பதுளைக்கு அனுப்பினேன். பெயின்ட் அடித்த ஆட்கள் நான் சொன்னபடியே செய்தார்கள். ரெகுலேட்டரைக் கழற்றினார்கள்; அவர் தேய்த்து வெள்ளையாக்கிய தகட்டுக்குப் பச்சைப் பெயின்ட் இரண்டு பூச்சு கொடுத்தார்கள்; ஆணித் துவாரங்களுக்கும் விட்டார்கள்; காய்ந்ததும் நூல் நிறம் பார்த்து வயர்களைச் சொருகித் திரும்பப் பூட்டினார்கள். பின்னேரம் நான் போய்ப் பார்த்துப் பட்டியலில் கோடு போட்டேன். அந்தக் கோடும் இன்னும் இருக்கிறது.

வெள்ளியும் சனியும் மூடுபனி. வண்டி நாற்காலிகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு பகலிலேயே லைட் போட்டு ஓடியது. விசிட் நன்றாக முடிந்தது. பெரியவர் ஒருவர் வண்டியைக் காட்டி, அழகாக வைத்திருக்கிறீர்கள் என்றார். ஞாயிறு ஓய்வு.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முன்னால் மேல்பிரிவில் குளவி கலைந்தது. ஏழு பேரைக் கொட்டியது. ஆறு பேர் ஓடித் தப்பினார்கள். டிரைவரின் கொழுந்தியாளுக்குத் தலையிலும் கழுத்திலும் முகத்திலும் கொட்டி, மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. டிரைவர் அவளை வண்டியின் பின்பெட்டியில் படுக்கவைத்து, மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் புறப்பட்டார். தகவல் கிடைத்ததும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நான் லொறியை மெயின் ரோட்டுச் சந்தியில் நிறுத்திவிட்டு அங்கேயே காத்திருந்தேன். மேல்பிரிவுப் பாதை ஒரு மேடு ஏறித்தான் எங்கள் பக்கம் இறங்கும். அன்றும் மூடுபனி; ஆனாலும் வண்டி மேட்டில் ஏறும்போதே சந்தியிலிருந்து லைட் தெரியும். பனிக்குள் தெரிந்தது. இரண்டு மஞ்சள் புள்ளிகள். வழக்கத்தை விட மங்கல் என்று நினைத்தேன். மேட்டின் தலைக்குச் சற்றுக் கீழே அந்தப் புள்ளிகள் சிவந்தன, சுருங்கின, பிறகு இல்லை. பனி அடர்ந்துவிட்டது என்று எண்ணிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து ஐம்பது.

அந்த எஞ்சினுக்குப் பெற்றோலைத் திறந்துவிடுகிற ஒரு சின்ன வால்வு உண்டு. அது பேட்டரிக் கரண்டில் திறந்திருக்கும். கரண்ட் இறங்கிவிட்டால் மூடிக்கொள்ளும், எஞ்சின் நின்றுவிடும். மறுபடி ஸ்டார்ட் பண்ணவும் பேட்டரியில் ஒன்றும் இருக்காது. இதையெல்லாம் நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று தெரிந்தது, கொம்புகளில் கட்டிய கம்பளியில் அவளைக் கிடத்தி நான்கு பேர் தோளில் தூக்கிக்கொண்டு பனியிலிருந்து இறங்கி வந்தபோது பதினொன்று முப்பத்தைந்து ஆகியிருந்தது என்பதுதான். டிரைவர் முன்பக்கக் கொம்பைப் பிடித்திருந்தார். மனைவி பின்னால் வெறுங்காலோடு ஓடிவந்தார். லுணுகலையைத் தாண்டுமுன் உயிர் போய்விட்டது. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் வராந்தாவில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

வியாழக்கிழமை விசாரணை. டவுனிலிருந்து வந்த கராஜ்காரர் வண்டிக்கு வேறு பேட்டரி வைத்து ஓட்டி, மீட்டரைப் பிடித்து, சார்ஜ் ஏறவில்லை என்றார். கட்டவுட் புதியது, அப்படியானால் பூட்டியவர் வயரை மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும் என்றார். பெட்டியைக் கழற்றி அடியில் யாரும் பார்க்கவில்லை. அறிக்கை எழுதியது நான். தகுந்த பயிற்சியில்லாத சாரதி தன் விருப்பப்படி வயர் பூட்டியதே காரணம் என்று, அழகான கையெழுத்தில், ஒரே வாக்கியம். பூட்டச் சொல்லி அனுமதித்ததும் நாங்கள்தான் என்பது அதில் இல்லை.

கையெழுத்துப் போட வந்தபோது டிரைவர் பேனா முனையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "ஐயா, நூலு மாறலீங்க. மஞ்சளுக்கு மஞ்சத்தான் இருக்கு. நீங்களும் அன்னைக்கிப் பாத்தீங்க. ஒருக்கா வந்து பாருங்க."

வண்டி நின்ற கொட்டகை அலுவலகத்திலிருந்து நூறு அடி இருக்காது. "எழுதியாச்சுப்பா" என்றேன்.

டிரைவர் வேலையை எடுத்துவிட்டு அவரைப் பெரட்டில் போட்டார்கள். விடியற்காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற அந்த வரிசையில் நின்று, மண்வெட்டியோடு புல்லு வெட்டப் போனார். வரிசையில் அவருக்குப் பெயர் வைத்தார்கள். "கட்டவுட்டு வந்துட்டாரு, லைட்ட அணைங்கடா" என்று யாராவது சொல்ல, சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். செத்தவளும் அந்த வரிசையில் நின்ற பெண்தான், சிரித்தவர்களும் அவர்கள்தான். எதை வைத்து அப்படிச் சிரிக்க முடிகிறது என்று அன்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். என்னைப் பற்றி எழுதவில்லை. டிரைவர் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. பேச்சு அவரைவிட்டுப் போய்விட்டது. வண்டி கொட்டகையில் கிடந்து, நான் ஓய்வு பெற்ற பின்னர் பழைய இரும்போடு பதுளைக்குப் போய், ஒரு கடையின் பின்னால் பல வருடம் கிடந்து, மைத்துனரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

ஐப்பசி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மைத்துனர் எஞ்சினை ஓடச் செய்துவிட்டார். பேட்டரி மட்டும் சார்ஜ் ஆகவில்லை. பண்டாரவளையில் ஒரு புதிய ரெகுலேட்டர் வாங்கி, இங்கிலீஷ் தாளை வாசித்துப் பூட்டித்தாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். நூலைக் கண்டபின் நான் கொஞ்ச நேரம் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு தாளை வாசித்தேன். மூன்று முனைகளின் படமும் இருந்தது: ஓரத்து இரண்டும் எஞ்சினுக்கு, நடுமுனை பேட்டரிக்கு. நூல் காட்டியதும் அதுவேதான். படத்துக்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி. இந்தப் பெட்டியின் உடம்பே நான்காவது இணைப்பு. அது வெறும் இரும்பில் படிய வேண்டும். அடியில் பெயின்டோ துருவோ இருந்தால் முற்றாக நீக்குக, இல்லையேல் சார்ஜ் ஆகாது.

ஆணிகளைக் கழற்றினேன். பெட்டியை எடுத்தபோது சின்னதாக ஒரு சத்தத்தோடு பிய்ந்து வந்தது. அடியில் பச்சைப் பெயின்ட், நேற்று அடித்தது போல மின்னியது. சுற்றிலும் எண்ணெயும் துருவும் ஏறிய இடத்தில் எல்லாம் உரிந்திருந்தது. அந்த உள்ளங்கை அகலத்தில் மட்டும் ஒரு கீறல் இல்லை. ஆணித் துவாரங்களின் உள்ளேயும் பச்சை. நல்ல வேலை. ஒழுங்காகச் செய்த வேலை.

சோம்பேறியான ஒரு கிளாக்கர் இருந்திருந்தால் சுற்றிலும் மட்டும் அடித்துவிட்டு விட்டிருப்பான்.

மைத்துனரிடம் அரம் வாங்கி அந்த இடத்தைத் தேய்த்தேன். புதிய ரெகுலேட்டரை டப்பாவிலிருந்து எடுக்கவில்லை. பழையதையே, டிரைவர் பூட்டியதையே, வெள்ளை இரும்பின் மேல் வைத்து, மஞ்சளுக்கு மஞ்சள், சிவப்புக்குச் சிவப்பு என்று சொருகி முறுக்கினேன். எஞ்சினை ஓடவிட்டோம். மீட்டர் முதலில் பன்னிரண்டில் நின்றது. வேகத்தைக் கூட்டியதும் ஏறி, பதினாலைத் தாண்டி நின்றது. மைத்துனர் கைதட்டினார். புதியதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். நான் மீட்டரைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

வீட்டுக்கு வந்து அந்த வருடத்துக் கொப்பியை எடுத்தேன். புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். எல்லாம் வரிசையாக இருந்தன. 14.2 என்பதற்கு மறுநாளே 'டிராக்டர் - பெயின்ட் முடிந்தது, அடியிலும்' என்று இருந்தது. என் கைதான். இரண்டு வரிகளுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. இருபத்திரண்டு வருடம் அவை பக்கத்துப் பக்கத்தில் கிடந்திருக்கின்றன.

டிரைவரின் மனைவியைத் தேடிப்போக மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். அதற்கு மழையைக் காரணமாக எழுதி வைத்தேன். மழை ஐந்து நாள்தான் பெய்தது. அவர் அதே மேல்பிரிவில், அதே லயத்தில், மூன்றாவது வீட்டில் இருக்கிறார். ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, "வாங்கய்யா, நடந்தா வந்தீங்க?" என்றார். சுவரில் டிரைவரின் படமும் தங்கையின் படமும் தனித்தனி ஆணியில், எட்டத் தள்ளித் தொங்கின.

நான் சொன்னேன். பெயின்ட், தகடு, அறிக்கை, நாட்குறிப்பு எல்லாம் ஒழுங்கு தவறாமல் சொன்னேன். கொப்பியையும் கொண்டுபோயிருந்தேன், அவர் அதைத் திறக்கவில்லை. அடுப்பிலிருந்த விறகை உள்ளே தள்ளினார்.

"அப்ப அவரு பூட்டுனது சரிதானுங்களா?"

"சரி. இப்பவும் வேலை செய்யிது."

"நான் அவர ஒரு வார்த்த கேட்டதில்லீங்க" என்றார். "நீ என் தங்கச்சியக் கொன்னுட்டேன்னு சொன்னதுமில்ல, இல்லன்னு சொன்னதுமில்ல. அவரு சோத்தத் தின்னுட்டு அந்த மூலையில போயி உக்காந்துக்குவாரு. வீட்டுல பல்பு போனாக்கூட மாத்த மாட்டாரு, பக்கத்து வீட்டுப் பையனக் கூப்புடச் சொல்லுவாரு. போன மாசியில மூச்சுத் தெணறயில என் கையப் புடிச்சி, நூலு மாறல, நூலு மாறலன்னாரு. நானு, என்னமோ பெனாத்துறாருன்னு நெனச்சேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அந்தச் சொல்லை அந்த வீட்டுக்குள் வைத்து எடுக்க முடியவில்லை.

"ஒம்போது மாசம் முந்தி வந்துருக்கலாம் நீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வது போலச் சொன்னார்.

தயங்கித் தயங்கி, அந்த வயர்களில் இருக்கிற நூலை அவிழ்த்துக் கொண்டுவந்து தரட்டுமா, அவள் கட்டியதல்லவா என்று கேட்டேன். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். "அவுக்காதீங்க. அத அவுத்தா அவரு சரியாச் செஞ்சாருங்கிறதுக்கு என்ன இருக்கு?" பிறகு, நான் எழுந்தபோது: "அன்னைக்கி எழுதுனீங்கல்ல. இதையும் எழுதுங்க. நாலு பேரு படிக்கிற எடத்துல எழுதுங்க. அவரு பேரு போட வேணாம், பெரட்டுல அவரு பேரு பட்டது போதும். நீங்க எழுதுனதுன்னு இருந்தாப் போதும்."

அதனால்தான் இதை எழுதினேன். பழைய அறிக்கையில் ஒரு திருத்தம் சேர்க்கலாமா என்று தோட்டத்து அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்துக் கோப்புகளைக் கரையான் தின்றுவிட்டதால் எரித்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் எழுதிய வாக்கியம் தாளில் இல்லை. மூன்றாவது வீட்டின் மூலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தது.

குட்டி டிராக்டர் இப்போது அப்புத்தளையில் கோவா, கரட் என்று மரக்கறி சுமக்கிறது. பனி இறங்கினால் மைத்துனர் பகலிலேயே லைட் போடுகிறார். நல்ல வெளிச்சம், மேட்டில் ஏறும்போதும் மங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் மூடியைத் தூக்கி, மீட்டரை வைத்துப் பார்த்து, அளவை நாட்குறிப்பில் எழுதுகிறேன். போன ஞாயிறு 14.1. மைத்துனருக்கு இது வயதானவரின் பொழுதுபோக்கு. எழுதி முடித்ததும் விரலால் அந்த முடிச்சுகளைத் தொட்டுப் பார்ப்பேன். ஓரத்தில் மஞ்சள், நடுவில் சிவப்பு, அடுத்த ஓரத்தில் மஞ்சள். ஒன்றும் மாறவில்லை.